பதின்மூன்று வயதும் மூன்று அச்சும்

2021 ஜூலை 26. டோக்கியோவின் அரியாக்கே பகுதி. கொரோனாவால் பார்வையாளர் வரிசைகள் காலியாகக் கிடக்க, ஒலிம்பிக் வரலாற்றில் முதல்முறையாகப் பெண்களுக்கான ஸ்ட்ரீட் ஸ்கேட்போர்டிங் இறுதிப்போட்டி நடந்து முடிந்தது. தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு 13 வயது. வெள்ளி வென்ற பிரேசிலின் ரைசா லியாலுக்கும் 13. வெண்கலம் வாங்கிய ஃபூனா நகயாமாதான் மூவரில் மூத்தவர், அவருக்கு 16. மூன்று பேர் வயதையும் கூட்டினால் 42 வருகிறது. ஒன்பது நாள் கழித்து, அதே வளாகத்தில், வளைந்த கிண்ணங்களில் நடக்கும் பார்க் போட்டி, அதுவும் பெண்களுக்கானது. தங்கம் வென்ற சகுரா யோசோசுமிக்கு 19, வெள்ளி வென்ற கோகோனா ஹிராக்கிக்கு 12, வெண்கலம் வென்ற பிரிட்டனின் ஸ்கை பிரவுனுக்கு 13.

உலகம் முழுக்கச் சிலர் வியந்தார்கள், சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜெயிக்கிற விளையாட்டுக்கு ஒலிம்பிக் எதற்கு என்பது இரண்டாவது கூட்டத்தாரின் கேள்வி. கேலியாகக் கேட்கப்பட்டாலும் அதற்குள் நல்ல அறிவியல் கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. நூறு மீட்டர் ஓட்டத்தில் 13 வயதுக்காரர் தங்கம் வெல்வதை நினைத்துப் பார்க்க முடியாது. குண்டு எறிதலில் நிச்சயமாக முடியாது. இந்தப் பலகையின் மேல் மட்டும் எப்படி முடிந்தது?

விடைக்கான முதல் தடயம் ஸ்கேட்போர்டிங்குக்கு வெளியே கிடைக்கிறது. தனிநபர் போட்டியில் மிக இளைய வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர் அமெரிக்காவின் மார்ஜோரி கெஸ்ட்ரிங். 1936 பெர்லினில், 3 மீட்டர் ஸ்பிரிங்போர்டு டைவிங்கில் அவர் வென்றபோது வயது 13 ஆண்டு, 268 நாள். (டோக்கியோவில் லியால் தங்கம் வாங்கியிருந்தால் இந்தச் சாதனை உடைந்திருக்கும், அவர் அன்று 13 ஆண்டு, 203 நாள்.) 1976 மான்ட்ரியலில் ஜிம்னாஸ்டிக்ஸில் முழு மதிப்பெண் பெற்று உலகை அசத்திய நாடியா கொமனேச்சிக்கு 14. ஸ்கேட்போர்டிங் அறிமுகமான அதே டோக்கியோவில் 10 மீட்டர் மேடை டைவிங் தங்கத்தை எடுத்துக்கொண்டு போன சீனாவின் சுவான் ஹொங்சானுக்கும் 14. டைவிங், ஜிம்னாஸ்டிக்ஸ், ஸ்கேட்போர்டிங் மூன்றிலும் உடல் தரையை விட்டு எழுகிறது. காற்றில் இருக்கும் சொற்ப நேரத்துக்குள் சுழன்று முடிக்க வேண்டியிருக்கிறது.

சுழற்சி என்று வந்துவிட்டால் இயற்பியல் சிறிய உடலின் பக்கம் சாய்கிறது. எவ்வளவு சாய்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், கடினமான கணக்கு இல்லை.

175 செ.மீ. உயரமுள்ள ஒருவரையும் 140 செ.மீ. உயரமுள்ள ஒரு சிறுமியையும் எடுத்துக்கொள்வோம். வசதிக்காக, சிறுமியின் உடல் பெரியவரின் உடலை எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருக்கியது என்று வைத்துக்கொள்வோம். (உண்மையில் குழந்தைகளின் உடல் அப்படி இல்லை. அந்த வேறுபாடு பிறகு நமக்கே தேவைப்படும்.) உயரங்களின் விகிதம் 0.8. நிறை, கன அளவைப் பொறுத்தது. எனவே விகிதத்தை மூன்று முறை பெருக்க வேண்டும்: 0.51. அதாவது சிறுமியின் எடை பெரியவரின் எடையில் ஏறத்தாழப் பாதி. ஆனால் ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பதை நிறை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த நிறை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறது, அதுவும் தூரத்தின் இருமடியாக. பள்ளியில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தது இதுதான். நிறையிலிருந்து மூன்று பெருக்கல், தூரத்திலிருந்து இரண்டு, ஆக ஐந்து. 0.8ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.33. உயரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு, சுழற்றுவதற்கான எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டது!

சிறுமிக்குத் தசை வலுவும் குறைவுதானே என்று கேட்கலாம். குறைவுதான். தசையின் விசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, அது 0.64 ஆகிறது. அந்த விசை செயல்படும் நெம்புகோலின் நீளம் 0.8. இரண்டையும் பெருக்கினால் திருப்பு விசை 0.51. திருப்பு விசை பாதியானது. எதிர்ப்போ மூன்றில் ஒன்றானது. வகுத்துப் பார்த்தால் சிறுமியின் கோண முடுக்கம் பெரியவரைவிட ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். இருவரும் இடுப்பையும் தோளையும் ஒரே கோணத்துக்கு முறுக்கி விடுவித்தால், சிறுமி காற்றில் 25 சதவீதம் கூடுதல் வேகத்தில் சுழல்வாள். பெரியவர் 720 பாகை, அதாவது இரண்டு முழுச் சுற்று முடிக்கும் நேரத்தில் இவள் 900 பாகையை, இரண்டரைச் சுற்றை முடித்துவிடலாம்.

ஸ்கேட்போர்டிங் ரசிகர்கள் இந்த 900 என்ற எண்ணைச் சும்மா கடந்து போகமாட்டார்கள். 1999 ஜூன் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் டோனி ஹாக் அதை முதன்முதலாக முடித்துக் காட்டினார். பத்தாண்டுக்கும் மேலாக முயன்று, விழுந்து, அடிபட்டு, 31ஆவது வயதில் அதைச் சாதித்தார். அன்று மாலையும் விழுந்து விழுந்து எழுந்த பிறகுதான் கைகூடியது. அடுத்த படியான 1080ஐ, மூன்று முழுச் சுற்றை, முதலில் முடித்தவர் யார்? 2012இல், மெகா ராம்ப் எனப்படும் ராட்சதச் சரிவில் டாம் ஷார். வயது 12. அதைவிடச் சிறிய, ‘வெர்ட்’ எனப்படும் சாதாரணச் சரிவில் அதே 1080ஐ முதலில் முடித்தவர் பிரேசிலின் கியி கூரி, 2020இல். வயது 11. பெண்களில் முதன்முதலாக 900ஐ முடித்தவர் ஆஸ்திரேலியாவின் அரிசா ட்ரூ, 2024இல். வயது 14. சுழற்சி எதிர்ப்பின் இந்த ஐந்தாம் படி விதியை எந்தக் கரும்பலகையை விடவும் இந்த வயதுகள் நன்றாக விளக்குகின்றன.

இந்தக் கணக்கில் ஓர் எடுகோளைச் சத்தமில்லாமல் நுழைத்திருக்கிறேன்: இருவரும் காற்றில் ஒரே நேரம் இருக்கிறார்கள் என்பது. அது சரிதானா? பெரும்பாலும் சரி. வளைந்த கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி எழும்பும்போது எவ்வளவு உயரம் போகிறோம் என்பதை விளிம்பில் இருக்கும் வேகம்தான் முடிவு செய்கிறது. அதில் நிறைக்குப் பங்கே இல்லை. விளிம்புக்கு மேல் ஒன்றரை மீட்டர் எழும்பினால், எழும்புவதற்கும் இறங்குவதற்குமாக 1.1 விநாடி. 35 கிலோ சிறுமிக்கும் 70 கிலோ ஆளுக்கும் அதே 1.1 விநாடி. அதற்குள் இரண்டரைச் சுற்று என்றால் விநாடிக்கு இரண்டு சுற்றுக்கும் மேல்.

ஆனால் அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? 3 மீட்டர் ஆழக் கிண்ணத்தின் அடியிலிருந்து கிளம்பி விளிம்புக்கு மேல் ஒன்றரை மீட்டர் எழும்ப, உராய்வை மறந்துவிட்டாலும், அடியில் மணிக்கு 34 கி.மீ. வேகம் வேண்டும். விளிம்பில் நின்று வெறுமனே சரிந்து இறங்கினால் எதிர்ப் பக்கத்தில் விளிம்பு வரைகூட ஏற முடியாது, உராய்வு கொஞ்சம் தின்றுவிடும். பார்க் போட்டியில் 45 விநாடி ஓட்டம் முழுக்க யாரும் காலால் தரையை உந்துவதைப் பார்ப்பது அரிது. அப்படியும் ஒவ்வொரு சுவருக்கும் உயரம் கூடிக்கொண்டே போகிறது.

ஊஞ்சலில் எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்து வேகம் கூட்டத் தெரிந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் ஏற்கெனவே தெரியும். வளைவில் போகும்போது மையநோக்கு விசைக்காகத் தரை நம்மைக் கூடுதலாகத் தள்ளுகிறது. இரண்டரை மீட்டர் ஆரமுள்ள வளைவின் அடியில் விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் போனால், நம் எடை மூன்று மடங்காகிவிட்டதுபோல் கால்கள் உணரும். அந்த நேரத்தில், மடக்கிய முழங்காலை நிமிர்த்தி உடலை 30 செ.மீ. உயர்த்தினால், சாதாரண எடையை 90 செ.மீ. தூக்கிய வேலையைச் செய்கிறோம். பிறகு எடை இயல்பாக இருக்கும் சமதரையில் குனிந்துகொள்கிறோம். அங்கே 30 செ.மீ.க்கான ஆற்றலைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம். மிச்சம் 60 செ.மீ. இயக்க ஆற்றலாகக் கணக்கில் ஏறுகிறது. உண்மையில் வளைவு நெடுக எடை ஒரே சீராக இருக்காது, கிடைப்பது இதைவிடக் குறைவு. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் இப்படிச் சேமித்துக்கொண்டே போகலாம். ஸ்கேட்டர்கள் இதை ‘பம்ப்’ என்பார்கள். இதில் சிறுமிக்கு ஒரு குறை உண்டு. அவள் கால் நீளம் குறைவு, நிமிரும் தூரமும் குறைவு. ஒரு பம்பில் பெரியவருக்குக் கிடைப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான் அவளுக்கு. கிண்ணத்தை யாரும் அவளுக்காகச் சிறிதாகக் கட்டித் தருவதில்லை.

ஸ்ட்ரீட் போட்டிக்கு வந்தால் இந்தக் குறை பெரிதாகிறது.

ஸ்ட்ரீட் களம் என்பது நகரத்தின் தெருவைப் பெயர்த்து வைத்தது: படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, திண்ணை, சாய்வுச் சுவர். இங்கே உயரம் தருவதற்கு வளைவு கிடையாது. சமதரையிலிருந்து பலகையோடு எழும்ப வேண்டும். கையால் பிடிக்கவும் இல்லை, காலில் கட்டவும் இல்லை, பிறகு பலகை எப்படிக் கூடவே வருகிறது என்று முதல்முறை பார்ப்பவர் எல்லோருமே திகைப்பார்கள். ‘ஆலி’ என்ற இந்த வித்தையை 1970களின் கடைசியில் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஆலன் கெல்ஃபாண்ட் வளைந்த சுவர்களில் செய்துகாட்டினார். அவருடைய பட்டப்பெயரே வித்தைக்கும் பெயரானது. அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தவர் ராட்னி மல்லன், 1980களின் தொடக்கத்தில். இன்றைய ஸ்ட்ரீட் ஸ்கேட்டிங் முழுவதும் அந்த ஓர் அசைவின் மேல் நிற்கிறது.

மெதுவாக ஓட்டிய காட்சியில் பார்த்தால் மாயம் கலையும். ஸ்கேட்டர் குனிந்திருந்து விருட்டென நிமிர்கிறார். நிமிரும் வேகத்தில் பின்காலால் பலகையின் வாலைத் தரையில் அறைகிறார். பலகை பின்சக்கரத்தை அச்சாகக் கொண்டு மூக்கைத் தூக்குகிறது. வால் தரையில் மோதித் தெறிக்கும் கணத்தில் தரை கொடுக்கும் எதிர்விசை பலகையை மேலே அனுப்புகிறது. இதே நேரத்தில் முன்கால் பலகையின் மேற்பரப்பில் தேய்த்துக்கொண்டே முன்னோக்கிச் சரிகிறது. அங்கே உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பான பட்டை ஒட்டியிருக்கும். அதன் உராய்வு பலகையை மேலே இழுக்கிறது. கடைசியில் முன்கால் மூக்கை அழுத்த, வால் உயர்ந்து பலகை படுக்கை மட்டத்துக்கு வருகிறது. ஒட்டிக்கொண்டதுபோல் நம் கண்ணுக்குத் தெரிவது, கால் தொடர்ந்து பலகையைத் துரத்திப் பிடித்துக்கொண்டிருப்பதன் விளைவு.

இப்போது சிறுமியின் சிக்கலைப் பார்க்கலாம். நின்ற இடத்திலிருந்து குதிக்கும் உயரம் உடல் அளவைப் பொறுத்ததல்ல என்று 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் ஜொவானி பொரெல்லி வாதிட்டார். தசை செய்யும் வேலையும் தூக்க வேண்டிய நிறையும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் அவர் சொன்னது தோராயமாகச் சரி. ஆனால் பலகை எவ்வளவு உயரம் ஏறும் என்பது, நிறை மையம் ஏறும் உயரத்தோடு, முழங்காலை மார்பை நோக்கி எவ்வளவு மடக்கலாம் என்பதையும் சேர்த்தது. நீளக் காலுக்கு அங்கே கூடுதல் இடம் இருக்கிறது. கைப்பிடிக் கம்பியின் உயரமோ எல்லோருக்கும் ஒன்றே. பலகையின் எடையும் அப்படித்தான். இரண்டிலிருந்து மூன்று கிலோ எடையுள்ள பலகை, பெரியவர் எடையில் சிறு பங்கு. சிறுமிக்கோ அந்தப் பங்கு இரு மடங்கு.

பலகையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சுற்றுவழி போய் வருவோம், அது சுவையான வழி. உடல் சுழல்வது பாதிக் கதைதான். ஸ்ட்ரீட்டில் பலகை தனியாகச் சுழல்கிறது. கனடா மேப்பிள் மரத்தின் ஏழு மெல்லிய தகடுகளை ஒட்டி வளைத்த, சுமார் 80 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் கொண்ட இந்தப் பொருளுக்கு மூன்று அச்சுகள் உண்டு. முதலாவது, மூக்கிலிருந்து வால்வரை ஓடும் நீள அச்சு. அதைச் சுற்றி உருட்டுவது மிக எளிது. மல்லன் கண்டுபிடித்த கிக்ஃப்ளிப் இதுதான். முன்கால் விரல் நுனியால் ஓரத்தில் ஒரு சுண்டு போதும். மூன்றாவது, பலகையைச் செங்குத்தாகத் துளைத்துப் போகும் அச்சு. அதைச் சுற்றி, தட்டாமாலையாகப் பலகையைத் திருப்புவது ஷவ்-இட். இதற்கான நிலைமத் திருப்புத்திறன் நீள அச்சைவிடப் பத்து மடங்கு அளவுக்கு அதிகம், ஆனாலும் சுழற்சி ஒழுங்காக நடக்கிறது.

இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது: பலகையின் குறுக்கே ஓடும் அச்சு. மூக்கு மேலெழும்பி, பின்னால் விழுந்து, வால் முன்னால் வரும் குட்டிக்கரணம். இந்த அச்சில் பலகையைத் தனியாகச் சுழலவிட்டால் அது சொன்ன பேச்சு கேட்காது. பாதிச் சுற்றில் தானாகவே புரண்டுகொள்ளும். சந்தேகம் இருந்தால் தடிமனான புத்தகம் ஒன்றை ரப்பர் பேண்டு போட்டு மூடி, மூன்று அச்சிலும் மேலே சுண்டிப் பாருங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச நிலைமம் உள்ள அச்சுகளில் புத்தகம் சமர்த்தாகச் சுழலும். நடு அச்சில் மட்டும் எப்படி வீசினாலும் அரைத் திருப்பம் திரும்பிக் கைக்கு வரும். 1985இல் சல்யூட்-7 விண்வெளி நிலையத்தில் இருந்த சோவியத் விண்வெளி வீரர் விளாதிமிர் ஜானிபெகோவ், திருகிக் கழன்று மிதந்துபோன ஒரு இறக்கை நட்டு, சீரான இடைவெளியில் தலைகீழாகப் புரண்டுகொண்டே போவதைக் கவனித்தார். அந்த நிகழ்வுக்கு இன்று அவர் பெயர் வழங்குகிறது. கணிதம் அதற்கு மிக முந்தையது. கணிதவியலாளர் ஆய்லரின் சமன்பாடுகளிலேயே விடை இருக்கிறது. நடு அச்சில் சுழலும்போது நூலிழை அளவு சாய்வு ஏற்பட்டாலும் அது குறையாமல் வளர்ந்துகொண்டே போகும் என்பதே அந்த விடை.

ஸ்கேட்டர்கள் ஆய்லரைப் படிக்கவில்லை. ஆனால் அவர் சமன்பாட்டோடு சண்டை போட்டுச் சமாதானமும் செய்துகொண்டார்கள். நடு அச்சில் பலகையைச் சுழற்றும் ‘இம்பாசிபிள்’ என்ற வித்தையில், மல்லன் பலகையைத் தனியே விடவில்லை. பின்காலைச் சுற்றியே பலகை புரளும்படி, சுற்று முழுக்கக் காலோடு உரசவைத்தார். தானாகப் புரள முயலும் பலகையைக் கால் தடுத்துக்கொண்டே இருக்கிறது. இது யாருக்கும் உடல் அளவால் வாய்க்கிற திறமை இல்லை. பாதத்தின் அடியில் பலகை எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமலே அறிகிற அறிவு. ஆயிரக்கணக்கான தடவை தப்பாகச் செய்து சேர்க்கிற அறிவு. 2015இல் நீல நிறத் தேவதை உடையோடு படியிலிருந்து, குதிகாலால் பலகையைச் சுண்டி உருட்டும் ஹீல்ஃப்ளிப் அடித்த ஏழு வயது ரைசா லியாலின் காணொளியை டோனி ஹாக் பகிர்ந்து, உலகமே பார்த்தது. அதே காணொளியில் அவர் அதற்குமுன் விழுவதும் இருக்கிறது. எனக்கு அந்தப் பகுதிதான் பிடிக்கும்.

விழுவதைப் பற்றி. சிறியவர் விழுந்தால் அடி குறைவு என்பது வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சொல்வது, அதற்கும் கணக்கு ஆதரவு தருகிறது. தன் உயரத்திலிருந்து விழும் 140 செ.மீ. சிறுமியின் மோதல் ஆற்றல் பெரியவருடையதில் 0.41 பங்கு, எலும்பின் குறுக்குவெட்டு 0.64 பங்கு. ஆக ஒரு சதுர சென்டிமீட்டர் எலும்பு தாங்க வேண்டிய ஆற்றல் மூன்றில் இரண்டுக்கும் கொஞ்சம் குறைவு. மனிதர் விழுந்தால் நொறுங்கும் ஆழத்தில் சுண்டெலி விழுந்து எழுந்து போய்விடும் என்று 1926இல் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் எழுதிய கட்டுரையின் தர்க்கம் இதற்கு உறவினர்.

ஆனால் முன்பு ஒத்திவைத்த வேறுபாடு இங்கே வந்து நிற்கிறது. குழந்தையின் தலை, உடலோடு சேர்ந்து சுருங்கியதல்ல. பத்து வயதுக்குள் மண்டையோடு ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடுகிறது. சிறிய கழுத்தின் மேல் பெரியவர் தலை. மேலும், கிண்ணத்தின் உயரம் உடலோடு சுருங்கவில்லை. 2020இல் பயிற்சியின்போது சரிவிலிருந்து விழுந்த 11 வயது ஸ்கை பிரவுனுக்கு மண்டையோட்டில் விரிசல்களும், இடது கையிலும் மணிக்கட்டிலும் முறிவுகளும் ஏற்பட்டன. ஓராண்டு சொச்சத்தில் அவர் ஒலிம்பிக் மேடையில் நின்றது தனிக் கதை. ஒலிம்பிக்கில் 18 வயதுக்கு உட்பட்டோருக்குத் தலைக்கவசம் கட்டாயம், அதற்கு மேல் அவரவர் விருப்பம். விதி எழுதியவர்கள் பெரியவர்கள் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. இருபத்தைந்து வயதுத் தலையும் கான்கிரீட்டுக்கு ஒன்றுதான்.

இதுவரை வந்த கணக்கையெல்லாம் நம்பினால், ஸ்கேட்போர்டிங் பதக்கங்களைச் சிறுவர் சிறுமியர் அள்ளிக்கொண்டு போக வேண்டும். பெண்கள் பிரிவில் அப்படித்தான் நடந்தது. 2024 பாரிஸில், பிளாஸ் த லா கான்கார்ட் சதுக்கத்தில் நடந்த போட்டியில் ஸ்ட்ரீட் தங்கம் 14 வயது கோகோ யோஷிசாவாவுக்கு, பார்க் தங்கம் 14 வயது அரிசா ட்ரூவுக்கு. சீனாவின் ஜெங் ஹாவ்ஹாவ் 11 வயதில் அங்கே வந்து போட்டியிட்டார்.

ஆடவர் பிரிவில்? டோக்கியோ ஸ்ட்ரீட் தங்கம் 22 வயது யூட்டோ ஹோரிகோமேவுக்கு. அரியாக்கே அமைந்திருக்கும் கோட்டோ வட்டாரத்திலேயே வளர்ந்தவர். பார்க் தங்கம் 18 வயதான ஆஸ்திரேலியாவின் கீகன் பால்மருக்கு. பாரிஸில் யார் வென்றார்கள் தெரியுமா? அதே ஹோரிகோமே, அதே பால்மர். பாரிஸ் பார்க்கில் வெள்ளி வாங்கியவர், பன்னிரண்டு வயதில் 1080 சுற்றிய டாம் ஷார், அப்போது அவருக்கு 24. ஸ்ட்ரீட் வெண்கலம் 29 வயது நைஜா ஹூஸ்டனுக்கு. ஆடவர் பார்க்கில் பிரிட்டனுக்காக இறங்கிய ஆண்டி மெக்டொனால்டுக்கு 51 வயது.

ஐந்தாம் படி விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். அப்படியானால் ஏன் இந்தப் பிளவு?

உடலியல் ஒரு பகுதி விடை தருகிறது. பருவ வயதில் ஆண் உடலில் தசை, விகித அளவைத் தாண்டிக் கூடுகிறது. நிலைமம் கூடினாலும் அதைச் சுழற்றும் விசையும் கூடுகிறது. கம்பி உயரத்துக்கு எழும்பும் வலு கூடுகிறது. பாரிஸ் ஸ்ட்ரீட் இறுதியில் ஹோரிகோமே கடைசி வாய்ப்பில் செய்ததைப் பாருங்கள்: முன்காலால் மூக்கை அறைந்து எழும்பி, முக்கால் சுற்றுத் திரும்பி, கைப்பிடிக் கம்பியின் மேல் பலகையை நிறுத்திச் சறுக்கி இறங்கினார். 97.08 மதிப்பெண். மொத்தம் 281.14, வெள்ளி வென்ற ஜாகர் ஈட்டனுக்கு 281.04. பத்தில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் தங்கம். அந்தக் கம்பிக்கு எழும்ப வலு வேண்டும். அந்தத் திருப்பத்தைக் கம்பியின் மேல் சரியாக முடிக்க இருபது ஆண்டு வேண்டும். பெண் உடலில் பருவ வயது கொண்டுவரும் மாற்றம் வேறு மாதிரியானது. உயரமும் எடையும் கூடும் அளவுக்குச் சுழற்றும் வலு கூடுவதில்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விளக்கம் இது. அங்கே சிறுமிகளின் உடலைக் காப்பாற்றவே 1997 முதல் ஒலிம்பிக்குக்குக் குறைந்தபட்ச வயது 16 என்று வைத்தார்கள்.

இந்த விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. காரணம் டோக்கியோ பெண்கள் ஸ்ட்ரீட்டில் நான்காவதாக வந்தவர். அலெக்சிஸ் சப்லோன், அமெரிக்கர், மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலையில் முதுகலைப் பட்டம் பெற்றவர். அன்று அவருக்கு 34 வயது. 13, 13, 16 வயதுக்காரர்களுக்கு அடுத்தபடியாக வந்தார். சிறிய உடல்தான் எல்லாம் என்றால் அவர் அந்த இறுதிப் போட்டிக்குள்ளேயே வந்திருக்கக் கூடாது.

சப்லோனின் தலைமுறை எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் இன்னொரு விடை தெரிகிறது. எக்ஸ் கேம்ஸ் 1995இல் தொடங்கியது; பெண்களுக்கான ஸ்கேட்போர்டிங் அதில் 2003இல்தான் இடம்பெற்றது. பரிசுத்தொகையை ஆண்களுக்குச் சமமாக்க காரா-பெத் பர்ன்சைடு போன்ற ஸ்கேட்டர்கள் போராட வேண்டியிருந்தது. பெண்களைத் தாங்கிப் பிடிக்கும் நிறுவனங்களும் பத்திரிகைகளும் அரிது. திறமை இருந்தும் இருபது வயதுக்கு மேல் இதையே பிழைப்பாக வைத்துக்கொள்ள முடிந்த பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். 2016 ஆகஸ்டில் ரியோவில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, ஸ்கேட்போர்டிங்கைச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது. டோக்கியோவில் ஒவ்வொரு போட்டிக்கும் ஆண்கள் 20, பெண்கள் 20 என்று சரிசமமாக இடம் ஒதுக்கப்பட்டது. திடீரென்று சிறுமிகளுக்குப் பயிற்சியாளர், பயணச்செலவு, களம் எல்லாம் கிடைத்தன. அந்த முடிவு வந்த நாளில் மோமிஜி நிஷியாவுக்கு ஒன்பது வயது நிறையவில்லை. ரைசா லியாலுக்கு எட்டு. அவர்களோடு போட்டியிட வேண்டிய 25 வயதுக்காரர்கள் பத்து ஆண்டுக்கு முன்பே பலகையை ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் அந்த வயதுக்காரர்கள் போகவில்லை. போக வேண்டிய தேவை வரவில்லை.

இரண்டு விளக்கங்களையும் பிரித்துப் பார்க்க உதவும் ஒரு தகவல் கையில் இருக்கிறது. டோக்கியோவில் தங்கம் வென்ற ஆண்கள் இருவரும் பாரிஸில் மீண்டும் வென்றார்கள். டோக்கியோவில் தங்கம் வென்ற பெண்கள் இருவருமே, நிஷியாவும் யோசோசுமியும், பாரிஸுக்குத் தகுதி பெறவே இல்லை. வளர்ந்த உடல் சுழல மறுத்ததா? இருக்கலாம். ஆனால் பாரிஸ் பார்க் மேடையில் ட்ரூவுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஹிராக்கியும் பிரவுனும். டோக்கியோவில் 12 வயதிலும் 13 வயதிலும் வாங்கிய அதே வெள்ளியையும் வெண்கலத்தையும், மூன்று ஆண்டு வளர்ந்த உடலோடு மறுபடியும் வாங்கினார்கள். லியால் 16 வயதில் வெண்கலம் வாங்கினார். இவர்கள் 140 செ.மீ.யிலிருந்து 160க்கு வளர்ந்திருந்தால் நிலைமம் ஏறத்தாழ இரு மடங்காகியிருக்கும். அப்படியும் தோற்றுப்போய்விடவில்லை. நிஷியாவை வெளியேற்றியது அவருடைய உயரம் என்பதைவிட, ஜப்பானுக்குள்ளேயே அவருக்குப் பின்னால் வந்து நின்ற வரிசை என்றுதான் நான் எண்ணுகிறேன். ஒரு நாட்டுக்கு ஒரு போட்டியில் மூன்று இடம்தான். யோஷிசாவா, லிஸ் அகாமா, நகயாமா மூவரும் அதை நிரப்பிவிட்டார்கள். அதில் முதல் இருவர் தங்கமும் வெள்ளியும் கொண்டு வந்தார்கள்.

இரண்டே ஒலிம்பிக்கை வைத்து விதி எழுதுவது அறிவியலுக்கு அழகல்ல. ஆனால் இரண்டு கருதுகோள்களும் அடுத்த ஒலிம்பிக்குக்கு வெவ்வேறு கணிப்புகளைத் தருகின்றன. 2028 கோடையில், இந்த விளையாட்டு பிறந்த கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸ் போட்டி நடக்கும்போது ட்ரூவுக்கும் யோஷிசாவாவுக்கும் 18 வயது, ஹிராக்கிக்கு 19, பிரவுனுக்கும் லியாலுக்கும் 20. உடல் அளவுதான் முதன்மைக் காரணம் என்றால் இந்தப் பெயர்கள் மறைந்து, இன்று நாம் கேள்விப்படாத 13, 14 வயதுப் பெயர்கள் மேடையேறும். வரலாறுதான் காரணம் என்றால் மேடையின் சராசரி வயது ஏறும், இதே பெயர்கள் திரும்ப வரும். என் பந்தயம் இரண்டாவதன் மேல். ஸ்ட்ரீட்டில் கொஞ்சம் உறுதியாக, சுற்றுக்கு மேல் சுற்று கேட்கும் பார்க்கில் அரை மனதோடு.